விமான ஓவிய அச்சுப்படத்தில் உள்ள ஒப்பம் உண்மையானதா?

நல்லூரான்:
வணக்கம் உறவுகளே. இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமான ஓவியங்களின் எண்ணிடப்பட்ட அச்சுப்படங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1940இல் பிரித்தானிய வானில் பறக்கும் ஹரிக்கேன் விமானங்களைக் காட்டும் படமொன்று இலண்டனில் விலைக்கு வந்திருக்கிறது. அது 1987இல் வெளியான பதிப்பு என்றும், அடியோரத்தில் ஓவியரோடு விமானி டக்ளஸ் பேடரும் பென்சிலால் ஒப்பமிட்டுள்ளார் என்றும் விற்பவர் எழுதியுள்ளார். அங்குள்ள மாமா வாங்கி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார். வாங்கலாமா? யாழ்ப்பாணத்து உப்புக்காற்றை அந்தத் தாள் தாங்குமா?

வடமராட்சி வாசகன்:
தம்பி, மாமாவைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். பேடர் 1982 செப்டெம்பரில் காலமானார். ஆகவே 1987இல் அச்சான தாளில் அவர் கைப்பட ஒப்பமிட்டிருக்க வழியே இல்லை. மறைந்த விமானிகள் முன்னர் வேறு தாள்களில் இட்ட ஒப்பங்களைப் படத்தைச் சுற்றியுள்ள அட்டையில் சிறு சாளரம் வெட்டிப் பொருத்தி விற்பதுண்டு. அது நேர்மையான முறைதான், ஆனால் விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒப்பம் படத்தாளிலேயே உள்ளதா என்று முதலில் கேளுங்கள். எந்தப் படத்தை வாங்கினாலும் பதிப்பு ஆண்டையும் விமானி மறைந்த ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: செருமானிய விமானி அடொல்ஃப் கலண்ட் 1996இலும் பிரித்தானிய விமானி ஜோனி ஜோன்சன் 2001இலும் மறைந்தார்கள். படம் கைக்கு வந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அச்சில் வந்த ஒப்பம் பெரும்பாலும் நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும், பென்சில் கோடோ சாய்ந்த வெளிச்சத்தில் மெல்ல மினுங்கும்.

திருமலையான்:
மேலே சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். உப்புக்காற்றைவிட வெயிலும் மாரிக்கால ஈரமுமே தாளுக்குப் பெரும் பகை. அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டம் போடுங்கள்; வெயில் படாத உட்சுவரில், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். சாதாரண ஒட்டுநாடாவைத் தாளில் ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

நம் தீவின் வானில் நடந்த சண்டைகளைக் காட்டும் படங்களையும் தேடுங்கள் என்பது என் வேண்டுகோள். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பின் மீதும் 9இல் திருகோணமலையின் மீதும் யப்பானிய விமானங்கள் தாக்கின. திருகோணமலைத் தாக்குதலின்போது, அருகிலுள்ள சீனன்குடாவிலிருந்து பிரித்தானிய வான்படையின் 261ஆவது படைப்பிரிவு ஹரிக்கேன்கள் எழுந்து எதிர்த்தன. அந்த நாளைக் காட்டும் ஓவியத்தில் விமானங்களில் தீட்டப்பட்ட பிரித்தானிய வட்டக்குறியின் நடுவே சிவப்பு இருக்க வேண்டும்; யப்பானியச் செஞ்சூரியக் குறியோடு குழம்பாதிருக்க அதைப் பின்னர்தான் நீக்கினார்கள்.

நல்லூரான்:
மிக்க நன்றி, ஐயா. ஒப்பம் எந்தத் தாளில் உள்ளது என்று எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் வரும்வரை மாமா பணம் கட்டமாட்டார்.