டோட்டல் லொஸ் என்று 39 இலட்சம்தான் தருவார்களாம். எதிர்த்துக் கேட்கலாமா?

வெள்ளவத்தை வாசி
வணக்கம். என் வாகனம் 2015 சுசுகி வேகன் ஆர். ஃபுல் இன்சூரன்ஸ், காப்புறுதித் தொகை 56 இலட்சம். போன மாதம் பேலியகொடையில் பின்னால் வந்த லொறி இடித்த இடியில் முன்னால் நின்ற பஸ்ஸுக்குள் போய்ச் செருகிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வண்டியின் பொடியே முறுகிவிட்டது, திருத்தக் கட்டாது, டோட்டல் லொஸ் என்று கம்பனி முடிவு செய்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தருவது 39 இலட்சமாம்! இக்மன், ரியாசெவன விளம்பரத் தளங்களில் இதே வருட வண்டி 52க்குக் கீழே கண்ணில் படவில்லை. பிரீமியம் மட்டும் 56க்கு வாங்கினார்களே? கேட்டால் "இறக்குமதி திறந்தபிறகு விலை இறங்கிவிட்டது" என்கிறார்கள். பணத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்ற வவுச்சரில் கையெழுத்து வைக்கச் சொல்லி ஓயாமல் கோல். லீசிங் வேறு 11 இலட்சம் அளவில் பாக்கி. என்ன செய்வது?

கராஜ் நானா
தம்பி, அந்த 39இல் உடைந்த வாகனம் யாருக்கு? உங்களுக்கா, கம்பனிக்கா? அது தெரியாமல் 39 கூடவா குறைவா என்று ஒருத்தராலும் சொல்ல ஏலாது.

கிளெய்ம்ஸில் இருந்தவள்
நானா சொல்வதுதான் முதல் கேள்வி. நான் சில வருடம் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

56 இலட்சம் என்பது உச்சவரம்பு. அவ்வளவும் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. விபத்துக்கு முந்திய கணத்தில் வாகனத்தின் சந்தை விலை, காப்புறுதித் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் என்று பொலிசியில் பொதுவாக எழுதியிருக்கும். ஆகவே "56க்குப் பிரீமியம் கட்டினேன்" என்று சண்டை பிடித்தால் பலன் இல்லை. சந்தை விலை எப்படி வந்தது என்று பிடியுங்கள்.

வாயால் பேசாதீர்கள், ஈமெயில் போடுங்கள். வாகனத்தின் மதிப்பு எவ்வளவு, எதை வைத்துக் கணித்தீர்கள், எக்ஸஸ் (நீங்கள் கையிலிருந்து ஏற்கும் பங்கு) எவ்வளவு, சல்வேஜ் (உடைந்த வாகனத்தின் மதிப்பு) எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியையும் கேளுங்கள். 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது உண்மை. ஆனால் கணக்கு உங்கள் விபத்து நடந்த நாளின் விலைக்குத்தான். "பொதுவாக இறங்கிவிட்டது" என்பது கணக்கே இல்லை.

உங்கள் பக்கத்துக்கு விளம்பரங்களைத் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அதே வருடம், அதே கிரேட், ஓடிய கிலோமீற்றரும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். விளம்பர விலை கேட்கும் விலைதான், பேரம் பேசினால் குறையும் என்று கட்டாயம் சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. அதனால் லீசிங் கம்பனிகள் ஏற்கும் சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை, சேர்விஸ் ரெக்கோர்ட், புது ரயர் போட்ட பில் எல்லாம் சேருங்கள்.

முக்கியம்: வவுச்சரில் "முழுமையான, இறுதித் தீர்வு" என்று இருந்தால் கை வைக்காதீர்கள். நீங்கள் இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் லீசிங் வட்டி ஓடும் என்பது அவர்களுக்கும் தெரியும். தகராறு இல்லாத தொகையை, உங்கள் மிச்ச உரிமைக்குப் பங்கம் வராமல், இப்போதே லீசிங்குக்குக் கட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும் எழுத்தில் மறுக்கட்டும்.

வத்தளை அக்கா
இடையில் ஒன்று. 2020இல் இறக்குமதியை நிறுத்தியபின் விலை ஏறியும் பழைய தொகைக்கே புதுப்பித்து வருபவர்கள் கவனம். 60 இலட்ச வாகனத்தை 45க்குப் போட்டால், சின்னத் திருத்தத்திலும் அந்த விகிதத்துக்கு வெட்டுவார்கள். எங்களுக்கு 8 இலட்சம் பில்லுக்கு 6தான் வந்தது.

வெள்ளவத்தை வாசி
பதில் வந்துவிட்டது. மதிப்பு 48, அதில் சல்வேஜ் 9 கழித்து 39. உடைந்தது எனக்காம். முதல் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கராஜ் நானா
அப்படிப் போடுங்கள்! எஞ்சினுக்கு அடி விழுந்திருந்தால் 9க்கு யார் எடுப்பான்? ஒரே வரியில் எழுதுங்கள்: "9 பெறுமென்றால் நீங்களே எடுத்துக்கொண்டு 48ஐத் தாருங்கள்." அவர்களுக்கு டெண்டரில் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதுவரை ஒரு ஸ்குரூவையும் கழற்ற விடாதீர்கள். கராஜில் நிறுத்துவதற்கு நாள் வாடகை ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசி
எழுதினேன் நானா. சல்வேஜைத் தாங்களே எடுக்கச் சம்மதம், ஆனால் 48க்கு மேல் ஏறமாட்டார்களாம். நான் பிடித்த சுயாதீன மதிப்பீட்டாளர் 53 என்று எழுதித் தந்திருக்கிறார்.

கிளெய்ம்ஸில் இருந்தவள்
நல்லது, இனி சண்டை 5 இலட்சத்துக்குத்தான். கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு அந்த அறிக்கையோடு எழுதி, இறுதிப் பதிலைக் கடிதமாக வாங்குங்கள். அது கையில் இருந்தால்தான் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) கோப்பைத் திறப்பார். கட்டணம் இல்லை. ஆனால் நீதிமன்றத்துக்குப் போன விடயத்தைத் தொடமாட்டார், அதனால் வழக்கு யோசனையைப் பின்னுக்கு வையுங்கள். கொழும்பு கோட்டையில் உலக வர்த்தக மையத்தில் இருக்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு போடலாம், தமிழிலேயே எழுதலாம். தகராறை நடுவர் ஒருவரிடம் விடும் மத்தியஸ்த வாசகம் பொலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் 5 இலட்சத்துக்காக அதில் இறங்கினால் செலவே பாதியைத் தின்றுவிடும்.

பொலிஸ் லொறிக்காரர் பிழை என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கைப் பிரதியும் எடுத்து வையுங்கள். மிச்சத்தை அவருடைய காப்புறுதியிடம் கேட்க வழி உண்டா என்று சட்டத்தரணி ஒருவரிடம் காட்டலாம்.

கராஜ் நானா
வண்டியை அவர்கள் இழுத்துக்கொண்டு போகும்போது, பெயர் மாற்றப் பத்திரங்களில் திகதி போட்டுப் பிரதி எடுங்கள் தம்பி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டாம். டேஷ்கேமையும் கழற்றிக்கொள்ளுங்கள், அது உங்களுடையது.