ஆட்டத்துக்கு விசைப்பலகை: காந்த சுவிட்சா, வழக்கமான மெக்கானிக்கலா?

அரைத்தூக்கம்:
நான் இத்தனை நாளும் பயன்படுத்தி வருவது ரப்பர் படலம் வைத்த சாதாரண விசைப்பலகை. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற சுடும் ஆட்டத்தை ஆடும்போது, நகர்வதற்கான டபிள்யூ, ஏ விசைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு தோட்டா நிரப்ப ஆர் விசையைத் தட்டினால், அந்த மூன்றாவது அழுத்தம் பதிவாவதே இல்லை. முதலில் என் விரல்தான் தவறுகிறது என்று நினைத்தேன். கணினியில் ஒரு வெற்று எழுத்துக் கோப்பைத் திறந்து அதே மூன்று விசைகளை மெதுவாக அழுத்திப் பார்த்த பிறகுதான் குறை பலகையில் இருப்பது உறுதியானது. மெக்கானிக்கல் வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால், பாதிப் பேர் காந்த சுவிட்சைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார்கள், மீதிப் பேர் அதெல்லாம் வெறும் விளம்பரம் என்கிறார்கள். எது உண்மை?

காந்தக்கட்டை:
சுடும் ஆட்டங்கள்தான் உங்கள் களம் என்றால் காந்த சுவிட்சையே வாங்குங்கள். வழக்கமான மெக்கானிக்கல் சுவிட்சில் இரண்டு உலோக இதழ்கள் தொட்டுக்கொள்ளும்போது அழுத்தம் பதிவாகிறது. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சிவப்பு சுவிட்சை எடுத்துக்கொண்டால், விசை மொத்தம் 4 மி.மீ. இறங்கும், அதில் 2 மி.மீ. இறங்கியதும் பதிவாகும். காந்த சுவிட்சில் தொடுகையே கிடையாது. தண்டின் அடியிலுள்ள சிறு காந்தம் எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்பதைப் பலகையிலுள்ள உணரி இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. மின்னோட்டம் ஓடும் தகட்டருகே காந்தம் வந்தால் அதன் குறுக்கே மின்னழுத்தம் எழும் என்று எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு இன்று நம் இடதுகைச் சுண்டுவிரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு இப்போதும் வியப்புதான். ஆழத்தை அளக்க முடிவதால், எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

ஈயப்புகை:
கேட்டவரின் சிக்கலுக்கும் இந்த விடைக்கும் தொடர்பே இல்லை. அவருடைய பலகையில் விசைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நெடுக்கையுமாகப் பின்னிய வலை ஒன்றுதான் உண்டு. அந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகவே மின்னோட்டம் காட்டும். இல்லாத எழுத்து திரையில் தோன்றிவிடக் கூடாதே என்பதற்காகப் பலகை அந்த மூன்றாவது அழுத்தத்தையே விழுங்கிவிடுகிறது. மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை ஒவ்வொரு விசைக்கும் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. விவரக் குறிப்பில் என்-கீ ரோல்ஓவர் (எத்தனை விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும்) என்று எழுதியிருக்கும் மெக்கானிக்கல் பலகை எதை வாங்கினாலும் அவருக்கு ஆர் விசை கிடைத்துவிடும். இதற்குக் காந்தம் எதற்கு?

தவிர, கண்ணால் ஒன்றைப் பார்த்து விரலை அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய 200 மில்லிவிநாடி ஆகிறது. அப்படியிருக்க, அரை மில்லிமீட்டர் முன்னதாகப் பதிவாகிறது என்று பெருமைப்படுவதில் என்ன பொருள் இருக்கிறது?

காந்தக்கட்டை:
ரோல்ஓவர் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் தவறவிட்டேன். ஆனால் 200 மில்லிவிநாடிக் கணக்கு என் வாதத்தைத் தொடவில்லை. அந்த 200 உங்களுக்கும் உண்டு, எதிராளிக்கும் உண்டு, இருவர் பக்கமும் கழித்துவிட்டால் மீதி நிற்பது பலகையின் தாமதம்தான்.

மேலும் நான் பெரிதாகக் கருதுவது அழுத்துவதை அல்ல, விடுவதை. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும், அதனால் சுடுவதற்கு முன் நிற்க வேண்டும். ஏ விசையால் இடப்புறம் போய்க்கொண்டிருப்பவர் அதை விட்டு டி விசையை ஒரு தட்டு தட்டி நிற்கிறார். ஆட்டச் சூட்டில் எவரும் விசையைப் பாதியோடு நிறுத்துவதில்லை, அடிவரை அமுக்கித்தான் வைத்திருப்போம். அடியிலிருந்து விரல் ஏறக்குறைய 2 மி.மீ. மேலே வந்த பிறகுதான் வழக்கமான சுவிட்ச் அதை விட்டதாக ஒப்புக்கொள்ளும். அதுவரை திரையில் உங்கள் ஆள் ஓடிக்கொண்டேதான் இருப்பார். விரல் ஏறத் தொடங்கியதையே விட்டதாக எடுத்துக்கொள்ளும் ரேபிட் டிரிகர் வசதி உள்ள காந்தப் பலகையிலோ, விரல் 0.2 மி.மீ. உயர்ந்ததுமே விட்டதாகக் கணக்கு. வூட்டிங் நிறுவனம் பரப்பிய இந்த ஏற்பாட்டை இன்று பலரும் பின்பற்றுவதற்குக் காரணம் விளம்பரம் மட்டும் அல்ல.

ஈயப்புகை:
விடுவது பற்றிய வாதத்தை ஏற்கிறேன். இங்கே நான் படித்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான். ஆனால் அதோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் மற்றவற்றைப் பாருங்கள். நொடிக்கு 8000 முறை கணினிக்குச் செய்தி அனுப்பும் என்கிறார்கள். 1000 முறை என்றால் இடைவெளி 1 மில்லிவிநாடி, 8000 முறை என்றால் 0.125. நொடிக்கு 144 முறை மாறும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஏறக்குறைய 7 மில்லிவிநாடி கழிகிறது. இந்த மிச்சத்தை எவர் கண்டார்?

எதிரெதிர் விசைகள் இரண்டும் அழுந்தியிருக்கும்போது கடைசியாகத் தொட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியும் அப்படித்தான். ரேசர் நிறுவனம் அதை 2024இல் ஸ்னாப் டேப் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனம் கவுண்டர் ஸ்ட்ரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் அதற்குத் தடை விதித்துவிட்டது. பயன்படுத்துபவரை ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்புகிறார்கள். அதற்காகவே பலகை வாங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

காந்தக்கட்டை:
அந்தத் தடை ரேபிட் டிரிகருக்குப் பொருந்தாது. வால்வ் எதிர்த்தது, இரண்டு விசைகளின் வேலையை மனிதனுக்குப் பதிலாக மென்பொருள் செய்துவைப்பதை. விரல் மேலே போனதை விரைவாக அறிந்துகொள்வது அந்தக் கணக்கில் வராது. 8000 பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுப்பில்லை, நானே 1000இல்தான் வைத்திருக்கிறேன்.

மேசைவிளக்கு:
நான் சுடும் ஆட்டம் ஆடுபவள் அல்ல, வியூக ஆட்டங்களும் பகலில் தட்டச்சு வேலையுமாக இருப்பவள். காந்தப் பலகை ஒன்றைச் சில மாதங்கள் வைத்திருந்து பார்த்தேன். 0.1 மி.மீ. என்று அமைத்திருந்தபோது விரலை விசைமேல் ஓய்வாக வைத்தாலே போதும், படை கிளம்பிவிடும். 1.5 மி.மீ.க்கு மாற்றியதும் ஒழுங்காக இருந்தது. ஆனால் அந்த ஆழத்துக்குச் சாதாரண சிவப்பு சுவிட்சே போதாதா என்று தோன்றியது. அழுத்தும்போதெல்லாம் கிளிக் என்று ஒலிக்கும் கிளிக்கி வகையை மட்டும் வாங்க வேண்டாம். சத்தம் மைக்கில் ஏறி உடன் ஆடுபவர்களை விரட்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வகையைச் சேர்ந்த செர்ரி நீல சுவிட்சில் விட்டதாகப் பதிவாகும் இடம் அழுத்தியதாகப் பதிவாகும் இடத்தைவிட நன்றாகவே மேலே இருப்பதால், விரலைப் பாதி தூக்கி மறுபடி தட்டினால் இரண்டாவது தட்டு போய்ச் சேராது.

ஈயப்புகை:
என் கட்சியின் ஓட்டையை நானே சொல்லிவிடுகிறேன். உலோக இதழ்கள் தொடும்போது ஒரே தொடுகையாகத் தொடுவதில்லை, மிகச் சிறிது நேரம் அதிர்ந்து அடங்குகின்றன. அந்த அதிர்வு அடங்கும்வரை சில மில்லிவிநாடிகள் பலகை பொறுத்திருக்கிறது. இதழ் தேய்ந்தாலோ தூசு படிந்தாலோ அந்தப் பொறுமையும் போதாமல் போகும். என் பழைய பலகையில் ஈ எழுத்து இரண்டிரண்டாக விழத் தொடங்கியது. விசையின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றி ஊதினேன், துப்புரவுத் திரவம் விட்டுப் பார்த்தேன், இரண்டு நாள் சரியாக இருந்து மறுபடி தொடங்கிற்று. கடைசியில் பலகையைத் திருப்பிப் போட்டு, ஈயத்தை உருக்கி உறிஞ்சி, சுவிட்சைப் பிடுங்கி, புதியதைப் பற்றவைக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. காந்த சுவிட்சில் தொடுகையே இல்லாததால் இந்த நோய் வராது. ஆனால் பற்றவைக்காமலே சுவிட்சைப் பிடுங்கிச் செருகும் ஹாட்-ஸ்வாப் மெக்கானிக்கல் பலகை என்னிடம் இருந்திருந்தால் இதே வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்கு எந்த நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை சுவிட்சும் பெரும்பாலும் பொருந்தும். காந்த சுவிட்சுகளிலோ காந்தத்தின் வலிமையும் துருவம் இருக்கும் திசையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ஒரு பலகையின் சுவிட்ச் இன்னொன்றில் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்பிச் செருக முடியாது.

அரைத்தூக்கம்:
நேற்று நண்பர் ஒருவரின் காந்தப் பலகையை வாங்கி இரண்டு மணிநேரம் ஆடிப் பார்த்தேன். நிற்பது உண்மையிலேயே மாறுகிறது. விட்டதும் ஆள் நிற்கிறார், என் கைக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் நான் செத்த இடங்களை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, அவற்றில் பலவற்றில் நான் ஏ விசையை விடவே இல்லை, விடாமலேயே சுட்டிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு இரவுதான் ஆடுகிறேன், மற்ற நேரமெல்லாம் எழுத்து வேலை. ஆகவே கிளிக்கோ தடங்கலோ இல்லாமல் சீராக இறங்கும் லீனியர் சுவிட்ச், ஹாட்-ஸ்வாப், என்-கீ ரோல்ஓவர் என்று முடிவு செய்திருக்கிறேன். அளவு மட்டும் மீதி இருக்கிறது.

மேசைவிளக்கு:
எண் பகுதி இல்லாத 87 விசைப் பலகையை எடுங்கள், சுட்டிக்கு இடம் கிடைக்கும். 61 விசைப் பலகையில் அம்புக்குறிகளுக்கே இன்னொரு விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். எழுதுபவருக்கு அது சித்திரவதை. கீகேப் பிபிடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் ஓராண்டுக்குள் டபிள்யூ விசை எண்ணெய் தடவியது போல மினுங்கத் தொடங்கிவிடும்.

காந்தக்கட்டை:
உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. விடாமல் சுடும் பழக்கத்தை மாற்றிய பிறகு இங்கே திரும்பி வருவீர்கள் என்றே நினைக்கிறேன். அதுவரை ஒன்று செய்யுங்கள். புதிய பலகை வந்ததும் முதலில் ஸ்பேஸ் பாரின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் தனித்தனியே தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கடகடவென்று ஆடினால் நீண்ட விசை சாயாமல் தாங்க அடியிலுள்ள ஸ்டெபிலைசர் கம்பிக்குக் கிரீஸ் போதவில்லை என்று பொருள். சுவிட்சின்மேல் பழி போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.