முத்துலட்சுமி ரெட்டி: 1929, 1930, 1947 – எது எந்தச் சட்டம்?

கேள்வி

மருத்துவரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான முத்துலட்சுமி ரெட்டி பற்றி நூலகக் கண்காட்சிக்கு ஒரு பலகை தயாராகிறது. 120 சொல்லுக்குமேல் இடமில்லை. இரண்டு இடத்தில் தகவல் முட்டிக்கொள்கிறது. ஒன்று, "இந்தியாவின் முதல் பெண் எம்.எல்.ஏ." என்று போடலாமா? இரண்டு, தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு ஒருவர் 1929 என்கிறார், ஒருவர் 1930, இன்னொருவர் 1947. 1930இலேயே சட்டசபைப் பதவியை விட்டவர் 1947 சட்டத்தை எப்படிக் கொண்டுவந்திருப்பார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

எம்.எல்.ஏ. என்று போடாதீர்கள். அவர் இருந்தது சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவை என்று பிறகு சொன்னார்களே, அதுவும் அல்ல. 1919 சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் மாகாணத்துக்கு ஒரே அவைதான். 'லெஜிஸ்லேடிவ் கவுன்சில்' என்று பெயர். கீழவை, மேலவை என்று இரண்டானது 1937இல். 'சட்டசபை உறுப்பினர்' என்று எழுதினால் பிசகில்லை.

அடுத்தது, அவர் தேர்தலில் நின்று வந்தவர் இல்லை, நியமன உறுப்பினர். சென்னையில் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை கிடைத்தது. உறுப்பினராகும் உரிமை 1926இல்தான். அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்கில் தோற்றார். அதன்பிறகு இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியில் முத்துலட்சுமியை அரசு நியமித்தது. ஆனால் 1927இல் துணைத்தலைவர் ஆனது நியமனம் அல்ல, அவையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. பலகையில் இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

"இந்தியாவின் முதல்" என்பதிலும் சிக்கல் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மேரி பூனன் லூக்கோஸ் அவருக்கு முன்பே நியமன உறுப்பினர். "பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர்" என்றால் யாரும் மறுக்க முடியாது. தேர்தலில் வென்று வந்த முன்னோடி வேண்டுமென்றால் ருக்மிணி லட்சுமிபதி: 1937இல் பேரவைத் துணைத்தலைவர், 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். முத்துலட்சுமியையும் ருக்மிணியையும் ஒருவராக்கிப் போட்ட பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை.

பதில் 2

சட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டும் சரிதான், மூன்றும் வேறு வேறு காரியம்.

1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தது தீர்மானம் மட்டுமே. பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்ணைத் தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை, நிறுத்தச் சட்டம் செய்யுங்கள் என்று அரசைக் கேட்பது. நிறைவேறியது, ஆனால் அதனால் யாரையும் தடுக்க முடியாது.

1929இல் வந்தது இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கான திருத்தம் (1929இன் 5ஆம் சட்டம்). இதில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொட்டுக்கட்டும் வழக்கம் பக்தியால் மட்டும் நிற்கவில்லை, மானிய நிலத்தாலும் நின்றது. கோயிலில் ஊழியம் செய்யும்வரை நிலம் அனுபவத்தில் இருக்கும். ஊழியத்துக்கு ஆள் இல்லையென்றால் நிலம் போய்விடும். அப்போது தாய் என்ன செய்வாள்? மகளுக்கோ, மகள் இல்லாவிட்டால் தத்தெடுத்த பெண்ணுக்கோ பொட்டுக்கட்டுவாள். திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது: நிலத்துக்கு ஒரு தீர்வை விதித்து, ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் குடும்பத்திலேயே நிற்கும். கவனியுங்கள், இது பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கவில்லை. ஆகவே 1929ஐ "ஒழிப்புச் சட்டம்" என்பது தவறு.

1930 என்பது மசோதா. பொட்டுக்கட்டுவதையே தடை செய்ய அவர் கொண்டுவந்த தனி மசோதா. அந்த ஆண்டு மே மாதம் காந்தி கைதானதும் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். மசோதா நிறைவேறாமலே போனது.

1947இன் 31ஆம் சட்டம்தான் தடைச் சட்டம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது நிறைவேறியது. பெண் சம்மதித்தாலும் பொட்டுக்கட்டுவது செல்லாது. ஏற்கெனவே கட்டப்பட்டவர் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம். மீறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 500 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். அவர் அப்போது சபையில் இல்லை. "அவர் தொடங்கிய முயற்சி 1947இல் சட்டமானது" என்று எழுதுங்கள், போதும்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மசோதாவுக்கு எதிர்ப்பு என்றாலே காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களும் மசோதாவை எதிர்த்தார்கள். கலையையும் சொத்துரிமையையும் ஒரேயடியாக வெட்டுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்றார். முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாளும் அந்தச் சமூகம்தான். 120 சொல்லில் இத்தனையும் அடங்காது, சரி. ஆனால் "பழமைவாதிகள் எதிர்த்தனர்" என்ற ஒற்றை வரி அநியாயம்.

"இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்பதும் எங்கிருந்தாவது வந்து ஒட்டிக்கொள்ளும், பார்த்து நீக்கிவிடுங்கள். ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி இருவரும் பட்டம் பெற்றது 1886இல். இவர் பிறந்த ஆண்டே அதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் இவர் முடித்தது 1912.

கேள்வி கேட்டவர்

நன்றி. அப்படியென்றால் ஔவை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இரண்டையும் "சட்டசபைப் பணிகள்" என்ற தலைப்பின்கீழ் போட்டது தப்பா?

பதில் 2

தப்புதான், பிரித்துவிடுங்கள். ஔவை இல்லம் 1930இல் தொடங்கியது. அடைக்கலம் தேடி வந்த பெண்களை எங்கே தங்கவைப்பது என்ற கேள்வியில் பிறந்தது. புற்றுநோய் நிலையத்துக்கும் சட்டசபைக்கும் தொடர்பே இல்லை. தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தது அதற்குத் தூண்டுதல். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு இயங்கத் தொடங்கியது. அடிக்கல் ஆண்டையும் தொடங்கிய ஆண்டையும் மாற்றிப் போடுவது வழக்கமான பிழை.

படத்துக்கு அடியில் பெயர் போடும்போதும் ஒன்று கவனியுங்கள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, மருத்துவக் கல்லூரிக் காலங்களுக்கு "முத்துலட்சுமி" மட்டும். "ரெட்டி" 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபின் வந்தது.