ஜிம் உடம்பு பாலே வகுப்பில் பட்ட பாடு

எட்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன், தோளில் 100 கிலோ வைத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்வேன். அந்தத் தெம்பில் பெரியவர்களுக்கான பாலே நடன அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். கம்பியைப் பிடித்தபடி முழங்காலை மெதுவாக மடக்கி எழ வேண்டும், ப்ளியே என்கிறார்கள். பத்தே நிமிடத்தில் தொடை தந்தியடித்தது. இத்தனைக்கும் தோளில் எடையே இல்லை.

பாதங்களை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார்கள். தாராளமாகத் திருப்பினேன். ஆசிரியை என் முழங்காலைத் தட்டி, "பாதம் ஒரு பக்கம் பாக்குது, இது வேற பக்கம் பாக்குதே?" என்றார். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டுமாம். பாதத்தை மட்டும் முறுக்கினால் அடி வாங்குவது முழங்கால்தான். சரி என்று இடுப்பிலிருந்து திருப்பினால், நான் பெருமையாக விரித்திருந்த கோணம் பாதியாகிவிட்டது!

காலைக் கையால் பிடித்துத் தூக்கினால் இடுப்புக்கு மேலே போகிறது. கையை விட்டால் தொப்பென்று விழுகிறது. வளைகிற உடம்பு வேறு, வளைத்த இடத்தில் நிறுத்துகிற பலம் வேறு.

*

நான் மேடையில் ஆடியதில்லை, ஆனால் ஒரு 'ஸ்வான் லேக்' பாலே நிகழ்ச்சிக்கு மேடை ஓரத்தில் உதவிக்கு நின்றிருக்கிறேன். மூன்றாம் அங்கத்தில் கருப்பு அன்னமாக ஆடுபவர் ஒற்றைக் காலில் நின்று, மறு காலை வீசி வீசி 32 முறை சுற்றுவார், அதற்கு ஃபுயத்தே என்று பெயர். 1895-ல் இத்தாலிய நடனக் கலைஞர் பியெரினா லென்யானி ஆடியதிலிருந்து வருகிற வழக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகாலை இறக்கி, முழங்காலை மடக்கி, மறுபடி விரல் நுனிக்கு எழ வேண்டும், அதுவும் அதே காலில். பார்வையாளர்களுக்கு இசைதான் கேட்கும், எனக்கு ஷூ தரையில் மோதும் டக் டக் சத்தம் கேட்டது. சிரித்தபடி உள்ளே வந்தவர் திரை மறைவைத் தாண்டியதும் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டார். விலா எலும்புகள் ஏறி இறங்கின. கைதட்டல் ஓயவில்லை. நிமிர்ந்து, அதே சிரிப்போடு வெளியே போனார்.

*

என் தங்கை பாயிண்ட் ஷூ, அதாவது விரல் நுனியில் நிற்பதற்கான பாலே ஷூ, போட்டு ஆடுகிறவள். அதன் முனையில் மரக்கட்டை இருக்கிறது என்று நானே ரொம்ப நாள் நம்பினேன். துணி, காகிதம், பசை, அவ்வளவுதான். புது ஷூ இளகுவதற்காக அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவாள், ரிப்பனை அவளே தைப்பாள். பெரிய நடனக் கலைஞர்களுக்கு ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடி செத்துப்போவதும் உண்டு.

போன வருடம் இரண்டாவது விரலுக்கு மேலே பாத எலும்பில் மயிரிழை விரிசல். நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சும்மா இருந்தாளா? தரையில் படுத்தபடியே இடுப்புக்கும் வயிற்றுக்கும் பயிற்சி. பக்கத்தில் நான்கு ஜோடி ஷூ, ஊசி, நூல்.