'ஆண் வாரிசு' போதாது: மார் ஏர்ல் பட்டமும் நம் சொற்பட்டியலும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரபுப் பட்டங்களுக்கான நம் சொற்பட்டியலில் 'எயர் மேல்' (heir male) என்பதற்கு 'ஆண் வாரிசு' என்றும், 'எயர் ஜெனரல்' (heir general) என்பதற்குப் 'பொது வாரிசு' என்றும் போட்டிருக்கிறோம். இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஸ்காட்லாந்தின் எர்ஸ்கின் குடும்பத்தின் வரலாற்றை இந்தச் சொற்களை வைத்து எழுத உட்கார்ந்தால் உடனே சிக்கிக்கொள்வோம்.

1866-இல் மார் என்ற பகுதியின் ஏர்லாக (ஏர்ல் என்பது பிரபுப் பட்டங்களில் ஒன்று) இருந்த ஜான் எர்ஸ்கின் குழந்தை இல்லாமல் இறந்தார். கெல்லி ஏர்ல் என்ற இன்னொரு பட்டமும் அவரிடம் இருந்தது. அது ஆண்வழியில் மட்டும் இறங்குவது என்பதால், அவருடைய சித்தப்பா மகனான வால்டர் எர்ஸ்கினுக்குத் தகராறில்லாமல் போனது. மார் பட்டத்துக்குத்தான் போட்டி. இறந்தவரின் சகோதரி மகன் குடீவ், தன் பெயரோடு எர்ஸ்கின் என்பதையும் சேர்த்துக்கொண்டு, பட்டம் எனக்கே என்றார். வால்டரும் அவருக்குப் பின் அவர் மகனும், எங்களுக்கே என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குப் போனார்கள். நம் உறவுமுறையில் சொன்னால் இது மருமகனுக்கும் பங்காளிக்கும் நடந்த வழக்கு.

இப்போது நம் சொல்லை இங்கே வைத்துப் பாருங்கள். 1875-இல் பிரபுக்கள் சபையின் குழு, பட்டம் 'எயர் மேல்' ஆனவருக்கே உரியது என்று வால்டரின் கெல்லி குடும்பத்துக்குத் தீர்ப்பளித்தது. 'ஆண் வாரிசுக்கே உரியது' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் குழம்புவார். குடீவும் ஆண்தானே? வாரிசு ஆணா பெண்ணா என்பதல்ல அங்கே கேள்வி. உரிமை அவரிடம் வந்த வழியில் ஒரு பெண் இருந்தாரா என்பதுதான். ஆகவே 'ஆண்வழி வாரிசு' என்று 'வழி' கட்டாயம் வர வேண்டும்.

'பொது வாரிசு' இன்னும் மோசம். ஊருக்கெல்லாம் பொதுவானவர் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். மகன் இருந்தால் மகன், மகன் இல்லாவிட்டால் மகள், பிள்ளைகளே இல்லாவிட்டால் உடன்பிறந்தார் வழி என்று, பெண்ணை விலக்காமல் இறங்கும் உரிமை அது. 'இருவழி வாரிசு' என்று வைக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

மார் பட்டத்தின் பழைய வரலாறு முழுக்க இந்த இருவழியில்தான் ஓடுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் தாமஸ் என்ற ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்தபோது அவர் சகோதரி மார்கரெட்டுக்கும், பிறகு மார்கரெட்டின் மகள் இசபெல்லுக்கும் உரிமை போனது. விதவையாகிவிட்ட இசபெல்லின் கில்ட்ரம்மி கோட்டையை 1404-இல் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் கைப்பற்றி, அவரையே மணந்து ஏர்ல் ஆனார். அவ்வளவு மெனக்கெட்டு அந்தப் பெண்ணை மணந்ததற்குக் காரணமே பட்டம் அவர் கையில் இருந்ததுதான். எர்ஸ்கின் குடும்பம் பின்னாளில் மார் உரிமையைக் கேட்டதும் ஒரு பெண்ணின் வழியாகத்தான். மன்னர் தரப்பு விடவில்லை. 1457-இல் அரசுக்கே என்று முடிவாயிற்று. 1565-இல் ஸ்காட்லாந்து அரசி மேரிதான் ஜான் எர்ஸ்கினுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்.

'கொடுத்தார்' என்ற இந்தச் சொல்லில்தான் 1875 வழக்கு தொங்கியது. மேரி திருப்பிக் கொடுத்தாரா, புதிதாகப் படைத்தாரா? படைத்ததற்கான ஆவணம் கிடைக்கவில்லை. ஆனாலும் குழு, இது புதுப்பட்டம், ஆவணம் இல்லாத பட்டம் ஆண்வழியே இறங்கும் என்று கொண்டது. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பெண்வழியைக் காட்டி வாதாடிய குடும்பத்தின் பட்டத்துக்கு இப்படி ஒரு தீர்ப்பு வந்தது நியாயமாக எனக்குப் படவில்லை. அப்போதும் பலர் அதை ஏற்கவில்லை. 1885-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி, பழைய பட்டம் ஒன்று உண்டு, அது குடீவ் எர்ஸ்கினுக்கு உரியது என்றது. கெல்லி குடும்பத்திடம் இருந்ததையும் பிடுங்கவில்லை. அதனால் மார் ஏர்ல் பட்டம் இன்றுவரை இரண்டு: ஒன்று ஆண்வழி, மற்றது இருவழி.

அப்புறம், 'அட்டெய்ண்டர்' (attainder), அதாவது அரசுக்கு எதிரான குற்றத்துக்காகப் பட்டத்தைப் பறிப்பது. 1715-இல் மார் ஏர்ல் பிரேமாரில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் கொடியை உயர்த்திக் கலகம் செய்தார். ஷெரிஃப்மூர் போருக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடினார். 1716-இல் அவர் பட்டம் பறிபோனது. அவரோடு நிற்கவில்லை, அவர் பிள்ளைகளுக்கும் கிடையாது. 'பட்டப் பறிப்பு' என்றால் இந்தப் பாதி விடுபட்டுவிடும். 'வழியுரிமைப் பறிப்பு' பொருத்தமாக இருக்கும். 1824-இல் பட்டம் திரும்பியபோது வழி பற்றிய சண்டை வரவில்லை. காரணம், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டவரின் தாய் கலகம் செய்த ஏர்லின் மகள். தந்தை அந்த ஏர்லின் தம்பி மகன். இரண்டு வழியும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருந்தன.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். நீங்களே பங்காளி என்று சொல்லிவிட்டீர்கள். 'ஆண்வழி வாரிசு' என்பதைவிடத் 'தாயாதி வாரிசு' மரபான சொல் இல்லையா? அதேபோல 'இருவழி' என்று புதிதாகப் படைக்காமல், நாஞ்சில் நாட்டில் வழங்கிய 'மருமக்கள்வழி'யை எடுத்துக்கொள்ளலாமே.

மறுமொழி:

தம்பி, தாயாதி நல்ல சொல். ஆனால் தாயாதி என்றாலே பங்கு பிரிப்பதும் கூட வரும். பிரபுப் பட்டத்தைப் பங்கு போட முடியாது, ஒருவருக்கே முழுசாக இறங்கும். அதிலும் ஸ்காட்லாந்தில் மகள்கள் மட்டும் இருந்தால் மூத்தவளே எடுத்துக்கொள்வாள். இங்கிலாந்தின் சில பழைய 'பாரன்' (baron) பட்டங்களில் மகள்களுக்குச் சம உரிமை. அதனால் யாருக்கும் இல்லாமல் பட்டம் நின்றுபோகும். அந்த 'அபேயன்ஸ்' நிலைக்கு 'நிறுத்திவைப்பு' என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம், அது இருக்கட்டும்.

மருமக்கள்வழி வேண்டாம். அதில் சொந்தப் பிள்ளைகள் இருந்தாலும் சகோதரி பிள்ளைகளுக்குத்தான் உரிமை. குடீவுக்கு மார் பட்டம் வந்ததோ, மாமனுக்குப் பிள்ளை இல்லாததால். ஒரு மகள் இருந்திருந்தால்கூட அவர் பக்கத்தில் வந்திருக்க முடியாது.

சரி, 'ஆண்வழி வாரிசு', 'இருவழி வாரிசு', 'வழியுரிமைப் பறிப்பு' மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். முதல் இரண்டின் கீழும் 1875 தீர்ப்பையே எடுத்துக்காட்டாகப் போடுகிறேன்.