மூன்று மாடி வீட்டு நெட் குழு

மீனா அக்கா: யாருக்காவது நெட் வருகிறதா? முக்கால் மணி நேரமாக மீட்டிங்கில் என் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கிறதாம்.

பெரியம்மா: கீழேயும் இல்லை. பெட்டியில் விளக்கெல்லாம் பேய் பிடித்த மாதிரி மின்னுகிறது.

கார்த்தி: எல்லா விளக்கும் ஒரே சமயத்திலா? அப்படியென்றால் வெளி லைனில் கோளாறு இல்லை, வீட்டுக்குள்ளேதான். காலையில் யாராவது புதிதாக எதையாவது சொருகினீர்களா? திட்ட மாட்டேன், சொல்லுங்கள்.

சித்தப்பா: டிவிக்குப் பின்னால் இருக்கும் நெட் பிரிட்ஜ் பெட்டியிலிருந்து மாடிப்படியில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு ஒரு நீலக் கேபிள் போட்டேன்டா. காற்றில் ஏற்கெனவே வருகிறது, கம்பியிலும் வந்தால் வேகம் இரண்டு மடங்காகும் என்று நினைத்தேன்.

கார்த்தி: முதலில் அதைப் பிடுங்குங்கள் சித்தப்பா.

சித்தப்பா: பிடுங்கியாச்சு.

மீனா அக்கா: வந்துவிட்டது!!

அருண்: ஒரு கேபிளுக்கு மூன்று மாடியும் படுத்துவிடுமா அண்ணா?

கார்த்தி: படுத்துவிடும். கம்பியையும் வயர்லெஸையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டுவதுதான் பிரிட்ஜின் வேலை. இரண்டு இடத்தில் ஒட்டினால் வட்டமாகிவிடும். 'இந்த முகவரி யாருடையது' என்று ஒரு கருவி எல்லோரையும் பார்த்துக் கேட்கும் பாக்கெட் (சின்னத் தகவல் பொட்டலம்), மெஷ் வழியாக, அதாவது மாடிக்கு மாடி இருக்கும் நம் வயர்லெஸ் பெட்டிகளின் வலை வழியாக, மேலே போய், கேபிளில் இறங்கி, திரும்ப மெஷ்ஷில் ஏறும். மெஷ்ஷுக்குள் பெட்டிக்குப் பெட்டி இத்தனை தாவலோடு சரி என்று ஒரு எண்ணிக்கை உண்டு, ஈதர்நெட்டில், அதாவது கம்பியில், அது கிடையாது, அதனால் கம்பிக்கு இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அதற்கு மறுபிறவி. இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் எல்லா லைனும் அடைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் எஸ்டிபி இருக்கிறது, வட்டத்தைக் கண்டுபிடித்து ஒரு வழியை அடைக்கும் வசதி. அதை ஆன் செய்யாமல் விட்டது என் தப்பு.

சித்தப்பா: அப்பாடா, பாதிப் பழி உனக்கு 😄

அருண்: மெஷ்ஷுக்குப் பதிலாக, வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரைப் பேசாமல் வைத்திருக்கலாமே?

கார்த்தி: சாதாரண வைஃபையில் இணையும் கருவி அனுப்பும் ஃபிரேமில் (காற்றில் போகும் பொட்டலத்தில்) மூன்று முகவரிக்குத்தான் இடம். அதற்குப் பின்னால் கம்பியில் டிவி, கேமரா என்று தொங்கினால் அவற்றின் முகவரியை எங்கே எழுதுவது? சில ரிப்பீட்டர்கள் தன் முகவரியையே ஒட்டிச் சமாளிக்கும், அப்புறம் ஏதாவது ஒன்று வேலை செய்யாது. மெஷ்ஷில் நான்கு முகவரி, இந்த மாதிரி பின்னால் தொங்குவதற்கு ஆறு வரை உண்டு. வேகம் மட்டும், ஒரே சேனலில் ஒவ்வொரு தாவலுக்கும் ஏறக்குறைய பாதியாகும்.

மீனா அக்கா: அதெல்லாம் இருக்கட்டும், பாதுகாப்பா இல்லையா? என் ஆபீஸ் வேலை முழுக்க இதில்தான்.

கார்த்தி: காற்றில் பயமில்லை அக்கா. பெட்டிகள் ஒன்றையொன்று எஸ்ஏஇ என்ற பாஸ்வேர்டு சோதனை முறையில் சரிபார்க்கின்றன. 2011இல் வந்த 802.11எஸ் என்ற மெஷ் தரத்திலேயே இருந்த முறை, 2018இல் வைஃபையின் புதுப் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 அதையே எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 போல ஹேண்ட்ஷேக்கை (இணையும்போது நடக்கும் பேச்சை) பிடித்துக்கொண்டு போய் ஆற அமர உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தேட முடியாது. என் கவலை மொட்டைமாடிப் பெட்டிதான். கேமரா கேபிளைக் கழற்றிவிட்டு ஒருவன் லேப்டாப்பைச் சொருகினால் எந்தப் பாஸ்வேர்டும் கேட்காது, நேராக நம் நெட்வொர்க்குக்குள் வந்துவிடுவான். வாசலில் பெரிய பூட்டு, கொல்லையில் கதவே இல்லை. கேபிள் சொருகும் அந்த போர்ட்டைத் தனி வீலானில் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனி அறை மாதிரி) தள்ளப்போகிறேன், கேமரா ரெக்கார்டரைத் தவிர எதுவும் அதன் கண்ணில் படாது.

பெரியம்மா: பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

கார்த்தி: பெரியம்மா 👏 இதை யாரும் கேட்பதில்லை. நம் பெட்டிகளுக்குள் மெஷ் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே கிடக்கிறது, திறந்தால் படித்துவிடலாம். இப்போது அதுவும் உங்கள் போன் பாஸ்வேர்டும் ஒன்றுதான், சோம்பலில் அப்படி வைத்துவிட்டேன். இன்று இரவு 9 மணிக்குப் பிரித்துவிடுகிறேன். மொட்டைமாடிப் பெட்டியில் போன் பாஸ்வேர்டை வைக்க மாட்டேன், அது தொலைந்தால் மெஷ்ஷுடையதை மட்டும் மாற்றினால் போதும், போன்களைத் தொட வேண்டாம்.

அருண்: மேலே ஏறி உதவட்டுமா?

கார்த்தி: வேண்டாம், இங்கிருந்தே செய்யலாம். மொட்டைமாடியில் தொடங்கிக் கீழே வர வேண்டும். கீழ்ப்பெட்டியை முதலில் மாற்றினால் மேலே இருப்பது துண்டாகிவிடும், அப்புறம் உன்னை ஏணியோடு அனுப்ப வேண்டியதுதான். பத்து நிமிடம் நெட் இருக்காது, அதுவரை யாரும் எதையும் சொருகாதீர்கள்.

சித்தப்பா: நீலக் கேபிளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி உன் சித்தியிடம்.