டிக்கெட்ல 3 மணி நேரம், ஃபிளைட்ல 16 மணி நேரம்: உங்க அனுபவத்தச் சொல்லுங்க

செல்லூர்க்காரன்:
அம்மாவ சான்ஃப்ரான்சிஸ்கோல இருக்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், பெங்களூர்ல ஏறி நேரா. டிக்கெட்ல மத்தியானம் 2.20க்குக் கெளம்பி அன்னைக்கே சாயங்காலம் 5 மணி வாக்குல எறங்குதுன்னு போட்ருந்துச்சா, அம்மா தெரு பூரா "மூணு மணி நேரந்தான், மதுரைலருந்து பெங்களூருக்கு பஸ்ஸுலதான் விடிய விடிய போகணும்"னு சொல்லி முடிச்சிருச்சு. அங்க நமக்கு பதிமூன்றரை மணி நேரம் பின்னாடிம்மான்னு சொன்னா எடுபடல. ரெண்டு தடவ சாப்பாடு வந்து போச்சு, ஜன்னல அடைச்சு லைட்டயும் அணைச்சுட்டாங்க, ஸ்க்ரீன்ல ஃபிளைட்டு நேரா உச்சிக்கு ஏறிட்டிருக்கு, இன்னும் 6,000 கிமீங்குது. அம்மா எங்கைய இறுக்கிப் புடிச்சுட்டு, "ஏண்டா அமெரிக்கா மேக்க தான இருக்கு, இவன் எங்கடா வடக்க போறான், வழி தெரியாதவன்ட்ட ஏறிட்டமா"ங்குது. பக்கத்து சீட்டு ஆளு சிரிச்சாரு. அந்தப் புடி இன்னும் கையில இருக்க மாதிரியே இருக்கு.

பெருங்குடி பாண்டி:
அம்மா கேட்டது நியாயமான கேள்விதாங்க. ஸ்கூல் குளோப்ல பெங்களூருக்கும் அந்த ஊருக்கும் ஒரு நூல இழுத்துப் புடிங்க, தானா வட துருவத்துப் பக்கம் ஏறும், அதான் குறுக்கு வழி, 14,000 கிமீ. 2021 ஜனவரில ஏர் இந்தியா இந்த ரூட்ட ஆரம்பிச்சப்ப மொத ஃபிளைட்டே துருவத்து மேலதான் வந்துச்சு, காக்பிட்ல எல்லாருமே பொம்பளைங்க. ஆனா 16 மணி நேரத்துக்கே இப்டியா? நான் மதுரை டு சிங்கப்பூர் 4 மணி நேரம், அங்கருந்து நியூயார்க் 15,300 கிமீ, 18 மணி நேரத்துக்கு மேல. தூங்கி எந்திரிச்சுப் பாத்தா பசிபிக், திரும்பத் தூங்கி எந்திரிச்சாலும் பசிபிக்.

திருமங்கலம் அக்கா:
தம்பி, நெட்ல ரெண்டு ஏர்போர்ட் பேர அடிச்சா சில சைட்டு காட்டுற மணிக்கணக்கு வானத்துல பறக்குற நேரம் மட்டுந்தான், அத நம்பி வயசானவங்கள ஏத்தாதீங்க. நான் லண்டன் போயிட்டு வந்தேன், போறப்ப வர்றத விட ஒரு மணி நேரம் போல கூட, மேல மேக்கருந்து கெழக்க அடிக்கிற காத்துதான் காரணம், எங்கதை அவ்ளோதான். அம்மாவுக்கு சுகர் இருந்தா மாத்திரைய எந்த ஊரு டயத்துக்குப் போடணும்னு முன்னாடியே டாக்டர்ட்ட கேட்ருங்க, நடைபாதை ஓரத்து சீட்டா போடுங்க, கால் வீங்கும், அப்பப்ப எந்திரிச்சு நடக்க வைங்க, பாத்ரூமுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருப்பாங்க, விடாதீங்க, வீல்சேர் டிக்கெட் போடறப்பவே சொல்லிருங்க, ஊறுகாய் பாட்டில கைப்பையில வச்சா செக்கிங்ல புடுங்கிருவாங்க, பெட்டியில போடுங்க, அதும் ரெண்டு கவர் சுத்தி.

பெருங்குடி பாண்டி:
அக்கா, அவரு அம்மாவுக்கு சுகர்னு எப்ப சொன்னாரு?

செல்லூர்க்காரன்:
சுகர் இருக்குண்ணே. ஊறுகாயும் போச்சு.